தொட்டிலும் தொகுதியும்

(செம்மங்குப்பத்தில் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொகுதிச் சீரமைப்பு என்ற சொல் சில ஆண்டுகளாகத் தேநீர்க் கடைத் திண்ணை வரையில் வந்துவிட்டது. அதன் கணக்கை நம் தோழர்கள் நன்கு அறிவர். 1962ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாடாளுமன்றத்தில் நமக்கு இருந்தவை 41 இடங்கள். 1967இல் அவை 39 ஆயின. இடையில் நம் மக்கள் மறைந்தா போயினர்? இல்லை. 1951இல் 3 கோடியே 1 இலட்சமாக இருந்தவர்கள் 1961இல் 3 கோடியே 37 இலட்சமாக வளர்ந்திருந்தனர். வளர்ந்துதான் இருந்தோம், வடபுலத்தார் வளர்ந்த அளவுக்கு வளரவில்லை, அவ்வளவே. அதற்கு விலை இரண்டு நாற்காலிகள்! 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1971ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் ஒரு பூட்டைப் போட்டது. 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரையில் அந்தப் பூட்டை நீட்டித்தது. 2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடிக் கேட்டது, அந்தப் பூட்டு மேலும் கால் நூற்றாண்டு தொங்கட்டும் என்பதே.

இதையெல்லாம் மேடைதோறும் முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால், "உங்கள் தொகை ஏன் குறைந்தது?" என்று ஒருவன் திருப்பிக் கேட்டால் நம்மில் பலர் என்ன விடை தருகிறோம்? "டில்லி சொன்னதைக் கேட்டோம், குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தோம், கேட்ட பிள்ளைக்குத் தண்டனையா?" என்கிறோம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, தோழர்களே. பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் டில்லி நம்மிடம் மட்டுமா சொல்லிற்று? அதே சிவப்பு முக்கோணத்தைப் பாட்னாவின் சுவரிலும் வரைந்தார்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று அங்கேயும் அவர்கள் மொழியில் எழுதினார்கள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.4. ஒரே முக்கோணம், ஒரே முழக்கம், விளைவு மட்டும் இருவேறு! ஆகவே காரணம் சுவரில் இல்லை. சுவருக்கு உட்புறம், வீட்டிற்குள் இருக்கிறது. அந்த வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் உறவு முறையை எடுத்துக்கொள்வோம். வடக்கே பல சமூகங்களில் பிறந்த ஊருக்குள் பெண் எடுக்கக் கூடாது; இரத்த உறவிலும் எடுக்கக் கூடாது. முன்பின் அறியாத ஊருக்கு, முகம் அறியாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவர். போன இடத்தில் அவள் அந்நியள். அவளுக்கு அங்கே காலூன்ற இடம் வேண்டுமெனில் ஒரு மகனைப் பெற வேண்டும். அந்த மகன் தங்குவான் என்ற உறுதி இல்லாததால் இன்னொரு மகனையும் பெற வேண்டும். நம் பக்கத்தில்? மாமியாரை "அத்தை" என்றும் மாமனாரை "மாமா" என்றும் அழைக்கிறோம். அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோ வாழ்க்கைப்பட்ட வழக்கம் மொழிக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது. கட்டிக் கொடுத்த பெண் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். கண்ணைக் கசக்கினால் அண்ணன் வந்து நின்றான். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். தன் வீட்டில் அவளுக்கு ஒரு குரல் இருந்தது. மெல்லிய குரல்தான், ஆயினும் இருந்தது. டிம் டைசன், மிக் மூர் என்ற இரு அறிஞர்கள் 1983இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில், வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள பிறப்பு விகித வேறுபாட்டுக்கு இந்த உறவு முறையையும் அதனால் பெண்ணுக்குக் கிட்டும் தன்னுரிமையையும் முதன்மைக் காரணமாகக் காட்டினர். உறவுக்குள் மணம் முடிப்பதை நான் போற்றுவதாக எண்ணிவிடாதீர்கள். அதனால் பிறக்கும் நோய்களை மருத்துவர் சொல்வர். அதற்குள் நடந்த வற்புறுத்தலைப் பெண்கள் சொல்வர். அறியாத வீட்டில் அந்நியளாக நின்றவளுக்கும் அத்தை வீட்டில் நின்றவளுக்கும் இருந்த வேறுபாட்டை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

அடுத்தது இடம். செம்மங்குப்பத்தைப் பாருங்கள். வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம், கிழக்கே கடல். ஊரை ஒட்டி நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, சிப்காட் தொழிற்சாலைகள். சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். உள்ளே போனால் நெய்வேலிச் சுரங்கம், பண்ணுருட்டி முந்திரி, வீராணத்துப் பாசனம். இப்படி நகரத்தின் நிழல் படாத சிற்றூர் தமிழ்நாட்டில் அரிது. கூலிக்குப் போகும் தாய் பேருந்தில் போகிறாள். பேருந்தில் செய்தி கேட்கிறாள். பட்டணத்தில் படித்த பெண்ணைப் பார்க்கிறாள். தன் மகளும் அப்படிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறாள். அந்த நினைப்புத்தான், தோழர்களே, குடும்பக் கட்டுப்பாட்டின் தொடக்கம்.

நினைப்பு மட்டும் போதுமா? பசித்த பிள்ளை பள்ளியில் உட்காருமா? 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் இந்த வரலாற்றில் வரிசையாக நிற்கின்றன. யார் செய்தார் என்பதற்காக உண்மையை மறைக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். மாடு மேய்க்கும்போது பிள்ளை வீட்டுக்கு வரவு. பள்ளிக்கு அனுப்பும்போது செலவு. வரவாக இருக்கும்வரை ஆறு பெற்றார்கள்; செலவாக ஆனபோது இரண்டோடு நிறுத்தினார்கள். இன்னொன்றும் உண்டு. 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113, முதற் பிறந்த நாளைக் காணாமல் மடிந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 13. ஆறு பெற்றால் நாலாவது தங்கும் என்று கணக்கிட்டுப் பெற்ற பாட்டி அறிவிலி அல்லள். அவள் காலத்துக் கணக்கு அது. அந்தக் கணக்கை மாற்றியவர்கள் மேடையில் பேசிய நாமல்லர். வீடு வீடாக ஏறி இறங்கிய நர்சம்மாக்கள். 1971இல் 3.9 ஆக இருந்த பிள்ளைகளின் சராசரி, 1993 வாக்கில் 2.1க்கு வந்தது. செல்வம் கொழித்ததால் வந்தது என்று எவரும் சொல்ல முடியாது. போலீசை வைத்து மிரட்டியதால் வந்தது என்றும் சொல்ல முடியாது. நெருக்கடி நிலையில் வடபுலத்துச் சிற்றூர்களில் ஆண்களை விரட்டிப் பிடித்து அறுவை செய்தார்கள். அதனால் அங்கே வளர்ந்தது குடும்பக் கட்டுப்பாட்டின் மேல் வெறுப்பே.

இந்த இடத்தில் நம் இயக்கத்தின் பங்கைச் சொல்லாமல் போனால் குற்றமாகும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று கேட்டது. 1930களில் பெரியார் "குடிஅரசு" ஏட்டில் கருத்தடையை வெளிப்படையாக ஆதரித்தார். அந்நாளில் மற்றவரும் அதைப் பேசினர். நாட்டின் வறுமை தீர என்றனர் சிலர். சொத்துச் சிதறாதிருக்க என்றனர் சிலர். தாயின் உடல்நலத்துக்கு என்றனர் சிலர். பெரியார் இவற்றை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பெண் விடுதலை பெற வேண்டுமானால் பிள்ளை பெறும் கட்டாயத்திலிருந்து அவள் விடுபட வேண்டும் என்றார். 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லச் செய்தது. 1989இல் கலைஞர் அரசு மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் செய்தது. டில்லிக்கு அது தோன்றியது 2005இல்!

ஆனால் பெரியார் கேட்டது வேறு, நாட்டில் நடந்தது வேறு என்பதையும் நாம் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னர் சென்னை இராஜ்யத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைக்கு ரொக்கம் கொடுக்கும் வழக்கம் 1950களின் நடுவில் இங்கேதான் முளைவிட்டது. அன்று அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்கள் மிகுதி. இன்று? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 விழுக்காடு! கத்திக்கு உடலைக் கொடுத்தது யார், "கட்டுப்பாடாக வாழ்ந்தோம்" என்று மேடையில் மார்தட்டுவது யார்? இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிரிக்கிறார்கள். பின்னால் நிற்கும் ஆண்கள் கீழே குனிகிறார்கள். குனிந்தால் போதாது, தோழர்களே.

இதைவிடக் கசப்பான செய்தியை இப்போது சொல்லப் போகிறேன். அது நம் கடலூர் மாவட்டத்தைப் பற்றியது.

ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் எத்தனை என்று கணக்கெடுப்பில் பார்ப்பார்கள். இயற்கை விட்டபடி விட்டால் அது 950ஐ ஒட்டி இருக்கும். 2001இல் கடலூர் மாவட்டத்தில் 957. குறை சொல்ல இடமில்லை. 2011இல்? 896! மாநிலம் முழுமைக்கும் அது 942இலிருந்து 943 ஆயிற்று, அசையவில்லை. சேலத்திலும் உசிலம்பட்டியிலும் கள்ளிப்பால் கொடுக்கிறார்கள் என்று நாம் இங்கே இருந்துகொண்டு கண்ணீர் விட்டோம். அங்கே நிலை தேறிய அதே பத்தாண்டில் நம் வீட்டு முற்றத்தில் ஆயிரத்துக்கு அறுபத்தொரு பெண் குழந்தைகளைக் காணவில்லை. அரியலூர் 897. பெரம்பலூர் 913. கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த நிலப்பரப்பு, ஒரு தலைமுறைக்கு முன் பெண்ணைச் சுமையாக நினைக்காத நிலப்பரப்பு. நடவும் களையெடுப்பும் அறுவடையும் அவள் கையில். கடற்கரைக் குப்பங்களில் மீன் விற்று வந்த காசும் அவள் முந்தானையில்.

என்ன நேர்ந்தது? மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் போட்டு அழைத்துச் சென்ற சமூகங்கள் இவை. பெண் கேட்டு வருகிறவன் கையில் எதையாவது கொண்டு வர வேண்டும். கேட்கப்படுகிறவளுக்கு அதில் ஒரு மதிப்பு. பையன் படித்தான், தொழிற்சாலை வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போனான். அவனுக்கு அத்தை மகள் போதவில்லை. உறவு விட்டு வெளியே பெண் தேடினார்கள். வெளியே போனதும் விலை பேசினார்கள். பரிசம் போய் வரதட்சணை வந்தது. எந்த வழக்கத்தைப் பார்ப்பனிய வழக்கம் என்று நம் பாட்டன் எள்ளினானோ அதே வழக்கத்தைப் பேரன் பெருமையாக எடுத்துக்கொண்டான். சவரனை எண்ணி, பைக்கை எண்ணி, பத்திரிகையில் பட்டத்தைப் போட்டு மணம் முடிக்கிறான். சாலைக்கும் ஆலைக்கும் நிலத்தைக் கொடுத்து வாங்கிய பணம் எத்தனை வீட்டில் நகையாகிப் போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

இதோடு இரண்டு பிள்ளை போதும் என்ற எண்ணமும் சேர்ந்தது. ஆறு பெற்ற காலத்தில் மூன்று பெண் பிறந்தாலும் ஆண் ஒன்று வந்துவிடும். இரண்டோடு நிறுத்துகிறவன் இரண்டில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்கிறான். முதலாவது பெண்ணானால் இரண்டாவதை ஸ்கேன் அறையில் விசாரிக்கிறான். கருவில் பாலறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. சட்டம் சுவரில் பலகையாகத் தொங்குகிறது. அதன் கீழே கண்ணாலே சொல்லிவிடுகிறார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011 கணக்குக்குப் பின் நம் மாவட்டத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையைத் தொட்டில் ஏந்தும். பிறக்கவே விடாத குழந்தையை எந்தத் தொட்டில் ஏந்தும்?

பிறந்து, வளர்ந்து, படித்து, தானே ஒருவனைத் தேர்ந்தால்? விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை விடை சொல்லும். 2003 ஜூலையில், சாதி மாறி மணந்துகொண்ட இளைஞனையும் பெண்ணையும் ஊரார் பார்க்க நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். அந்த இளைஞன் பொறியியல் படித்தவன். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன். நீதி 2021இல் கடலூர் நீதிமன்றத்தில் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! பெண்ணின் கருப்பையைச் சாதி தன் எல்லைக் கல்லாகக் காவல் காக்கிறது. எத்தனை பெறுவது என்பதை மட்டுமன்று, யாருக்குப் பெறுவது என்பதையும் தானே முடிவு செய்ய வேண்டும் என்கிறது. சாதியைத் தொடாமல் குடும்பத்தைப் பற்றிப் பேசும் மக்கள் தொகை நிபுணர்களை நான் அதனால்தான் முழுதாக நம்புவதில்லை.

தோழர்களே, பெற்றது இரண்டு எனும்போது இருக்கும் இரண்டையும் காக்க வேண்டிய கடமை யாருடையது? 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கத்திலும் கடல் ஏறி வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அரசை நம்பி, இரண்டு போதும் என்று நம்பி, கத்திக்கு இசைந்தவர்கள். கடல் இரண்டையும் கொண்டுபோயிற்று. அந்த அறுவையை மாற்றியமைத்து மீண்டும் கருவுறச் செய்யும் சிகிச்சைக்கு உதவுவதாக அரசு பின்னர் அறிவித்தது. சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை.

அது கடலின் செயல். 2025 ஜூலை 8 காலையில் இந்தச் செம்மங்குப்பம் கேட்டில் நடந்தது எதன் செயல்? விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ரயில், பள்ளி வேனில் மோதியது. மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அவர்களில் இருவர் அக்காளும் தம்பியும். அந்தக் கேட் சைகை விளக்கோடு பிணைக்கப்படாத கேட். மூடினால்தான் ரயிலுக்கு வழி கிடைக்கும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. ஒரு மனிதன் மறந்தாலும் இயந்திரம் தடுக்கும் என்பதற்கு அங்கே இடமே வைக்கவில்லை. நடந்த பிறகுதான் கேட்டுகளைச் சைகையோடு பிணைக்கும் வேலையை விரைவுபடுத்த ஆணை போட்டார்கள். உங்கள் ஊரில் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். "அளவாகப் பெறுங்கள்" என்று குடிமக்களிடம் கேட்ட ஆட்சிக்கு, அளவாகப் பெற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போய்த் திரும்பும் பாதையைக் காக்கும் பொறுப்பு உண்டா, இல்லையா?

இந்த நிலையில், தொகுதி குறையும் என்ற அச்சத்தில் கூடுதலாகப் பிள்ளை பெறச் சொல்லும் குரல்கள் எழுகின்றன. ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அவர்கள் 2024 அக்டோபரில் அப்படிப் பேசினார். தமிழகத்துத் திருமண மேடைகளிலும் அது கேட்டது. பதினாறு பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற பழைய வாழ்த்தை நினைவூட்டி, பாதி வேடிக்கையாகவும் பாதி வேதனையாகவும் சொன்னார்கள். வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தோழர்கள் அதை வேலைத் திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்துவேன். நேற்று நாட்டுக்காகப் பெறாதே என்றார்கள்; இன்று நாற்காலிக்காகப் பெறு என்பதா? இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லையே! பெறச் சொன்னாலும் பெற்றுவிடப் போவதில்லை. 1.4க்கு வந்த ஊர் வாழ்த்துரையால் 3க்குத் திரும்பிய வரலாறு உலகில் எங்கும் இல்லை. சிங்கப்பூரும் தென் கொரியாவும் ஊக்கத்தொகையைக் கொட்டிப் பார்த்துவிட்டன.

நம் வாதம் வேறாக இருக்க வேண்டும். தலையை எண்ணி மட்டும் அதிகாரத்தைப் பங்கிடுவது கூட்டாட்சி ஆகாது. பெண்ணைப் படிக்க வைத்த மாநிலத்தின் குரலைக் குறைப்பது பெண்ணைப் படிக்க வைத்ததற்கு விதிக்கும் அபராதம். அப்படிச் சொல்வோம். அதே நேரத்தில் பீகாரிலிருந்து வந்து சிப்காட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளியைப் பகையாகக் காட்டும் பேச்சை நம் பக்கத்தில் எவர் பேசினாலும் நிறுத்துவோம். அவன் தாய் நான்கு பெற்றது நம் தொகுதியைப் பறிப்பதற்காக அன்று. அவளுக்குப் பள்ளியும் நர்சம்மாவும் வீட்டில் ஒரு குரலும் கிட்டியிருந்தால் அவளும் நம் தாயைப் போல் இரண்டோடு நிறுத்தியிருப்பாள். தவிர, நம் மாநிலத்தில் அறுபதைக் கடந்தோர் 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் பதினெட்டுப் பேர் ஆவர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த முதியவர்களுக்குத் துணையாக நாளை நம் தெருவில் யார் இருப்பார் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்துக் கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியிட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் எண்கள் அதில் வெளியாகும். டில்லி அந்த எண்களில் தொகுதியைத் தேடும். நீங்கள் அந்த எண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் இரண்டு தோழர்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், தங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போய்ப் பதிவேட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணி எழுதி வாருங்கள். இரண்டாவது குழந்தைகளைத் தனியே எண்ணுங்கள். குட்டு வெளிப்படுவது அங்கேதான். கிளைக் கூட்டத்தில் அந்த எண்ணை வாசியுங்கள். வாசித்த பின், அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் தன் மகனுக்கு வரதட்சணை பேசிக்கொண்டிருப்பவர் யார் என்றும் கேளுங்கள்.